கட்டம் போடாத செங்கோணம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. பள்ளிக்கூடம் முழுக்க அவர் ‘கட்டம் சார்’தான். செங்கோணம் என்றால் அந்த மூலையில் சின்னதாக ஒரு கட்டம் போட்டிருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். கட்டம் இல்லையென்றால், அந்த மூலை சுவரும் தரையும் சேர்ந்த இடம் மாதிரி நிமிர்ந்து நின்றாலும் அவருக்கு அது செங்கோணம் இல்லை. “பார்த்தா செங்கோணம் மாதிரிதானே சார் இருக்கு?” என்று எவனாவது கேட்டுவிட்டால் போயிற்று. “பார்த்தா நீகூடத்தான் படிக்கிற பையன் மாதிரி இருக்க. எழுதியிருக்கா? கட்டம் எங்கே?” என்பார்.

வடிவியல் ஆரம்பிக்கும் முதல் நாள் ஒரு வித்தை காட்டுவார். கரும்பலகையில் ஒரு முக்கோணத்தை வரைந்துவிட்டு, இது என்ன முக்கோணம் என்று கேட்பார். இரண்டு பக்கமும் சமமாகத் தெரியும். வகுப்பு முழுக்க ஒரே குரலில் “இருசமபக்கம்!” என்று கத்தும். ஒரு நூலைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்வார். ஒரு பக்கம் விரல் அகலத்துக்கு நீளமாக இருக்கும். “கண்ணு சொல்லிச்சு, நீங்களும் தலையாட்டிட்டீங்க. படத்தை நம்பாதே. கொடுத்ததை மட்டும் எடுத்துக்கோ” என்பார். பிள்ளைகளுக்கு ஒரு பழமொழியும் சொல்லி வைத்திருந்தார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். அந்தப் பழமொழியின் கடைசிப் பகுதியை அவர் எவ்வளவு தூரம் புரிந்துகொண்டார் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இதோடு நின்றாரா? பரீட்சைத் தாளில் படங்களை வேண்டுமென்றே கோணலாகப் போடுவார். கட்டம் போட்ட மூலை குறுகிக் கிடக்கும். சமம் என்று குறியிட்ட பக்கங்களில் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. படத்தை நம்பினவன் குழியில் விழுவான், குறிப்பைப் படித்தவன் பிழைப்பான். பக்கத்து வகுப்பு ஓவிய ஆசிரியர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, “இது படமா சார், இல்ல விபத்தா?” என்று கேட்டதுண்டு. கட்டம் சாருக்கு அதில் பெருமைதான்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து நூற்றெண்பது பாகை என்பதை மற்ற ஆசிரியர்கள் காகிதத்தில் காட்டுவார்கள். மூன்று மூலைகளையும் கிழித்து அளவுகோலின் ஓரமாகச் சேர்த்து வைத்தால் ஒரு நேர்கோடு வரும். பிள்ளைகள் கைதட்டும். இவருக்கு அது பிடிக்காது. “நீ கிழிச்சது ஒரு முக்கோணம். கிழிக்காத முக்கோணத்துக்கெல்லாம் யார் சாட்சி?” என்பார். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு இழுத்து, ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்று எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணமும் எழுதி முடித்த பிறகுதான் சாக்பீஸைக் கீழே வைப்பார்.

வகுப்பறைக்கு இது நல்ல சட்டம், யாரும் வாய் திறக்க முடியாது. அந்தச் சட்டத்தைப் பையில் போட்டு வீட்டுக்கும் எடுத்துவந்தார் பாருங்கள், அங்கேதான் வினை. மனைவி ஒரு ரொட்டிக் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு பொட்டலம் கட்டுகிறவள். என்றாவது கால் கடுக்க வீடு திரும்பி, “உடம்பு அனலா கொதிக்குதுங்க” என்றால், “கொதிக்குதுன்னா எவ்வளவு? தெர்மாமீட்டர் வச்சியா?” என்பார். அவள் போய்ப் படுத்துக்கொள்வாள். பழகிப்போயிருந்தது அவளுக்கு.

ஒரே மகள். அவளைக் கட்டிக்கொடுத்தது இவருடைய பழைய மாணவனுக்கு. அவனைப் போல ஒருவன் அந்தப் பள்ளிக்கூடத்தில் வடிவியல் எழுதியதில்லை. வரிக்கு வரி காரணம் எழுதுவான். ஒரு படியையும் தாண்டிக் குதிக்க மாட்டான். அவன் விடைத்தாளைத்தான் மற்ற பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவார். வளர்ந்து, கட்டட நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடும் வேலைக்குப் போனான். பெண் கேட்டு வந்தபோது கட்டம் சார் விசாரித்ததெல்லாம் வேலையைப் பற்றி மட்டும்தான். கல்யாணம் ஆன பிறகும் அவன் இவரை மாமா என்று கூப்பிடவில்லை. ‘சார்’ என்றுதான் கூப்பிடுவான். இவருக்கு அதில் உச்சி குளிர்ந்துவிடும்.

கல்யாணமான அடுத்த வருஷம் மகள் மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள். கூடவே மருமகனும் பழப் பையோடு வந்திருந்தான்.

“என்னம்மா ஆச்சு?” என்றார்.

அவள் வாய் திறப்பதற்குள் அவன் சொன்னான். “மொட்டைமாடிக் கதவு சார். காத்துல படார்னு சாத்திக்கிச்சு. அந்தத் தாழ்ப்பாள் சரியில்லைன்னு வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தேன். இவ துணி எடுக்கப் போனப்போ ஒரு கைல வாளி இருந்துச்சு. அதனால இன்னொரு கையால கதவைப் பிடிச்சிருக்கா.”

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு காரணம். கட்டம் சார் தலையாட்டினார். அவர் வகுப்பில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

அவன் வெளியே போன நேரத்தில் அம்மா மகளுக்குத் தலை வாரிவிட்டாள். வகிடு எடுக்க முடியைப் பிரித்தவள், காதுக்குப் பின்னால் கொத்தாக முடி போயிருப்பதைக் கண்டாள். அங்கே தோல் இன்னும் சிவந்திருந்தது. மகள் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள். அம்மா சீப்பை வைத்துவிட்டு அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். அணைத்த இடத்திலும் வலித்தது போலிருக்கிறது, மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும் மனைவி இவர் எதிரே வந்து நின்றாள்.

“ஏங்க, அவன் அவளை அடிக்கிறான்.”

“அவ சொன்னாளா?”

“சொல்லணுமா? கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேணுமா? முடியைப் பிடிச்சு இழுத்திருக்கான். காதுக்குப் பின்னாடி வழுக்கையா கிடக்கு. அவளைக் கூட்டிட்டு வந்து இங்கயே வச்சுக்கலாங்க. அனுப்ப வேண்டாம்.”

“முடி உதிரும். சத்துக் குறைவா இருந்தாலும் உதிரும். கதவுல கை மாட்டினதுக்கு அவன் விவரமா காரணம் சொன்னான். நீயா ஒண்ணை முடிவு பண்ணிக்கிட்டு அதுக்கேத்த மாதிரி எல்லாத்தையும் பார்க்கற. அது தப்பு.”

“நான் அவ அம்மாங்க.”

“அம்மாங்கறது ஒரு காரணம் இல்ல.”

இதை அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பாடம் நடத்துகிற குரலில் சொன்னார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் ஏதாவது கையில் கிடைத்ததை எடுத்து வீசியிருப்பேன். அவள் மறுநாள் வேலைக்குப் போக உடுப்பை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். அவர் மகள்மேல் பாசம் இல்லாதவர் அல்ல. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியவர்தான். மனைவி சொன்னது அவருக்கு உள்ளே உறுத்தாமலும் இல்லை. ஆனால் அது உண்மையாக இருந்துவிட்டால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும்! தன் கையால் வளர்த்த மாணவனை வாசலில் நிறுத்தி வைத்துப் பேச வேண்டும், ஊர் வாயில் விழ வேண்டும், தான் பார்த்துக் கொடுத்த இடம் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் அவருக்குத் தெம்பு இல்லை. ‘ஆதாரம் எங்கே’ என்பது ஒளிந்துகொள்ள வசதியான இடமாக இருந்தது. பயந்தவன் கையில் நியாயம் கிடைத்தால் அதைப் போர்த்திக்கொண்டு நன்றாகத் தூங்குவான்.

சில மாதம் கழித்து மகள் தாடை வீங்கி மருமகனோடு வந்தாள். இந்த முறை குளியலறை வழுக்கியதாம். மனைவி அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கட்டம் சாருக்கு இனிமேலும் சும்மா இருக்க முடியவில்லை. தீர விசாரித்துவிடுவது என்று முடிவு செய்தார்.

எப்படி விசாரித்தார் தெரியுமா? ஒரு தரப்பை மட்டும் கேட்பது நியாயம் ஆகாதாம். அதனால் மகளையும் மருமகனையும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். எதிரே தானும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். மனைவியைக் கூப்பிட்டு நிற்க வைத்தார், சாட்சிக்கு.

“உன் அம்மா ஒண்ணு சொல்றா. நேரடியா கேட்டுடறேன். அவன் உன்னை அடிக்கிறானா?”

மருமகன் அசையவில்லை. அவன் கை அவள் நாற்காலியின் முதுகில் கிடந்தது, அவ்வளவுதான். மகள் தன் மடியைப் பார்த்தாள்.

“இல்லப்பா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“இல்லப்பா. வழுக்கித்தான் விழுந்தேன்.”

“சரி” என்று எழுந்தார். பெரிய சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி மூச்சு விட்டார். “இதை மனசுல வச்சுக்காதே” என்று மருமகன் தோளில் வேறு தட்டிக் கொடுத்தார். “பரவாயில்ல சார், நீங்க கேட்டதுதான் முறை” என்றான் அவன்.

அவர்கள் போனதும் மனைவி கதவைச் சாத்தினாள். “பாம்பைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு, கடிச்சுதான்னு தவளைகிட்ட கேட்டீங்க” என்றாள்.

“அவளே சொல்லிட்டா. இதுக்கு மேல என்ன வேணும்?”

அன்றிலிருந்து மனைவி அவரிடம் அந்தப் பேச்சையே எடுப்பதை விட்டுவிட்டாள். கடை விடுமுறை நாளில் மகள் வீட்டுக்குத் தானாகப் போய்வரப் பார்த்தாள். வாசலிலேயே மருமகன் நின்று, அவள் தூங்குகிறாள், பிறகு வாருங்கள் என்று சிரித்த முகத்தோடு அனுப்பிவைத்தான்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நாள். மதிய இடைவேளைக்கு முந்தைய வகுப்பு. கரும்பலகையில் இரண்டு முக்கோணங்கள். இரண்டு பக்கமும் ஒரு கோணமும் சமமாக இருந்தால் முக்கோணங்கள் சர்வசமம் ஆகிவிடுமா என்பது பாடம். ஆகாது, அந்தக் கோணம் அந்த இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே அளவுகளை வைத்துக்கொண்டு வேறு வேறு முக்கோணம் வரையலாம். கவராயத்தை ஊன்றி ஒரு வில் போட்டு, அது அடிக்கோட்டை இரண்டு இடத்தில் வெட்டுவதைக் காட்டிக்கொண்டிருந்தார். “அளவு ஒண்ணு, முக்கோணம் ரெண்டு. பார்த்தீங்களா?” என்று திரும்பியபோது வகுப்பு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் நின்றுகொண்டிருந்தாள். குடை இல்லாமல் வந்திருந்தாள்.

பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு நடைபாதைக்கு வந்தார். பள்ளிக்கூடத்துக்கு அவள் கல்யாணத்துக்குப் பிறகு வந்ததில்லை.

“என்னம்மா, இந்த நேரத்துல? அவன் எங்கே?”

“அவருக்குத் தெரியாதுப்பா. கடைக்குப் போறேன்னு வந்தேன். அப்பா, நான் உங்ககூட வந்துடட்டா?”

“ஏன்? என்ன நடந்துச்சு?”

“அதைக் கேக்காதீங்க.”

“கேக்காம எப்படிம்மா? வர்றேன்னா காரணம் வேணாமா? நாளைக்கு அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்றது?”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “அதுக்குத்தான் சொல்ல மாட்டேங்கறேன். நான் சொன்னா நீங்க அவரைக் கூப்பிட்டு உக்கார வச்சுக் கேப்பீங்க. அவரு அழகா பதில் சொல்லுவாரு. நீங்க என்னை அவருகூட அனுப்பிடுவீங்க. அன்னிக்கு நீங்க கேட்டீங்கல்ல, அன்னிக்கு வீட்டுக்குப் போனதும்...” நிறுத்திவிட்டாள். பிறகு, “நான் ஒண்ணும் சொல்லலப்பா. நீங்க என்னைப் பாருங்க. சும்மா பாருங்க, போதும்” என்றாள்.

வகுப்பில் சத்தம் கூடிக்கொண்டிருந்தது. ஒருவன் மேஜையைத் தட்டினான். தலைமை ஆசிரியர் அறைக் கதவு திறக்கிற ஓசை கேட்டது. கட்டம் சார் அந்தப் பக்கம் ஒரு பார்வை, கைக்கடிகாரத்தில் ஒரு பார்வை.

“நீ வாயைத் திறந்து சொல்லாம நான் எதை வச்சும்மா முடிவெடுக்கறது? சாயங்காலம் வீட்டுக்கு வா. அம்மாவும் இருப்பா. நிதானமா பேசலாம். அவனையும் வரச் சொல்றேன்.”

அவள் சிரித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. “சரிப்பா” என்றாள். மழையிலேயே இறங்கி நடந்தாள். இவர் உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர்ந்தார்.

சாயங்காலம் அவள் வரவில்லை. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர் அல்லவா, மருமகனுக்குப் போன் போட்டுவிட்டார். “இன்னிக்கு அவ பள்ளிக்கூடத்துக்கு வந்தாப்பா. ஏதோ மனக்குறை போல. ரெண்டு பேரும் ஒரு நாள் வாங்க, பேசிக்கலாம்” என்றார். “அப்படியா சார், எனக்குத் தெரியாதே. கூட்டிட்டு வர்றேன்” என்றான் அவன்.

மறுநாள் காலை, பள்ளி அலுவலகத்துக்குப் போன் வந்தது. மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டதாம்.

அந்த நாட்களைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. பெற்ற வயிறு எப்படி எரியும் என்பதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. வந்தவர்களில் சிலர் ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று மருமகன் அழுவதைப் பார்த்துச் சொன்னார்கள். அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவன் யாராக இருந்தாலும் நாசமாய்ப் போகட்டும்.

மனைவி யாரையும் எதிர்பார்க்கவில்லை. காவல் நிலையத்துக்குத் தானே போய், இது விழுந்த சாவு இல்லை என்று புகார் கொடுத்தாள். சில நாளில் இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அறையில் ஒரு மேஜை, மூன்று நாற்காலி, சுவரில் ஈரக்கறை. விசாரணை அதிகாரி வயதில் சின்னவர். கெட்டவர் இல்லை. தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“சார், உங்க பொண்ணு எப்பவாவது உங்ககிட்ட, கணவர் அடிக்கிறார்னு சொல்லியிருக்காங்களா?”

“இல்ல.”

“உங்க மருமகன் ஒண்ணு சொல்றாரு. நீங்களே அவங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சு நேரடியா கேட்டீங்களாம். உங்க பொண்ணு இல்லைன்னு சொன்னாங்களாம். உங்க மனைவியும் அப்போ கூட இருந்தாங்களாம். இது உண்மையா?”

கட்டம் சார் மேஜையைப் பிடித்துக்கொண்டார். அவனுக்கு வேண்டிய ஆதாரத்தை வேண்டிய இடத்தில் நாமே எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

“உண்மைதான். ஆனா அவ பயந்துக்கிட்டுச் சொன்னது அது. அவன் அடிச்சிருக்கான். எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும் சார்?”

“பார்த்தேன்” என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக இந்த ஒரு சொல்லைக் காரணமாகச் சொன்னார். “கையில கட்டுப் போட்டிருந்தா. நான் பார்த்தேன்.”

அதிகாரி பேனாவை எடுத்தார். “எந்தக் கை?”

அவர் வாயைத் திறந்தார். மொட்டைமாடிக் கதவு ஞாபகம் வந்தது, சரியில்லாத தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது, வாளி, காற்று, வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தது, எல்லாம் வரிசை தப்பாமல் வந்தன. கை மட்டும் வரவில்லை.

“பரவாயில்ல. கடைசியா பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்களே, அதுக்கு அடுத்த நாள்தான் இறந்திருக்காங்க. அன்னிக்கு முகத்துல ஏதாவது காயம்? கழுத்துல? நடை எப்படி இருந்துச்சு?”

மேஜையைத் தட்டின பையன் யார் என்பது அவருக்குத் தெரியும். கைக்கடிகாரத்தில் முள் எங்கே நின்றது என்பதும் தெரியும். பெண் எதிரே நின்று ‘என்னைப் பாருங்க’ என்று கெஞ்சினாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. பொய்யாவது சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதைச் சொல்லக்கூட அவரிடம் ஒரு படம் இல்லை.

“இடது கை” என்றாள் மனைவி. அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதிகாரியைப் பார்த்தே சொன்னாள். “மணிக்கட்டுக்கு மேல நாலு விரல் பதிஞ்ச தடம் இருந்துச்சு. கட்டு அதை மறைக்கலை. வலது காதுக்குப் பின்னாடி முடி கொத்தா போயிருந்துச்சு. முதுகுல தொட்டா துடிச்சா. தாடை வீங்கினது இடது பக்கம். அவன் வலது கைக்காரன்.”

அதிகாரி வேகமாக எழுதினார். தன் மகள் எப்படியிருந்தாள் என்பதைக் கட்டம் சாரும் அன்றைக்குத்தான் கேட்கிறார்.

எழுதி முடித்து அதிகாரி நிமிர்ந்தார். “அம்மா, கோபப்படாதீங்க. எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் முதல்ல கேப்பாரு. இதெல்லாம் இப்போ சொல்றீங்க. நடந்தப்பவே யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“யார்கிட்ட?”

“இவர்கிட்ட.”

அதிகாரி கட்டம் சார் பக்கம் திரும்பினார். “சொன்னாங்களா சார்?”

வெளியே யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

“சொன்னா” என்றார் அவர்.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார்.